கப்பல் விருந்துக்கு ஒரு ஸ்வெட்டர்

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்பதில் ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஏழாம் வகுப்பு. அப்பா ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கப்பலுக்குப் போக வேண்டியவள் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா.

பெரியம்மா ஏற்காட்டில் ஒரு பெண்கள் விடுதியில் இருபது வருஷமாக வார்டன். நூறு பிள்ளைகளுக்கும் பரிமாறி, அவர்கள் கை கழுவிப் போன பிறகு, சமையல்கட்டில் நின்றபடியே தட்டைக் கையில் ஏந்தி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சையே எல்லோரும் மறந்துவிட்டிருந்தபோது, நாற்பத்தைந்து வயதில், சேலத்துக்காரர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் என்ஜினியர். கோயிலில் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆறு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அதிகாரிகளின் மனைவிமார் ஒரு பயணம் கூடவே வரலாமாம். பம்பாயில் ஏறிக்கொள்ள வேண்டுமாம்.

கடிதத்தோடு அச்சடித்த தாள் ஒன்றும் இருந்தது. எந்த ராத்திரி எந்த மாதிரி உடையில் சாப்பிட வர வேண்டும் என்று அதில் இங்கிலீஷில் போட்டிருந்தது. அப்பா மூன்று தரம் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இதுல கஷ்டம் ஒண்ணுமில்லீங்க அண்ணி. ஒரு நாள் கல்யாணத்துக்குப் போற மாதிரி. ஒரு நாள் கோயிலுக்குப் போற மாதிரி. மத்த நாளெல்லாம் சந்தைக்குப் போற மாதிரி.”

“சந்தைக்குப் போற மாதிரிதானுங்க எங்கிட்ட எல்லாச் சேலையும் இருக்குது. நான் வரலைன்னு எழுதிப் போட்டுருங்க தம்பி,” என்றாள் பெரியம்மா.

அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மிளகு முடிச்சு வாசனையோடு அவளுடைய அரக்கு நிறக் கல்யாணப் பட்டு வெளியே வந்தது. என் கல்யாணத்துக்கு என்று எனக்குச் சொல்லி வைத்திருந்த பட்டு. எனக்கு வயிறெரிந்தது. அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டு கிடைத்துவிட்டது, அடுத்தது ஸ்வெட்டர். ஸ்வெட்டர் எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் மலையில் பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டால் எந்த விருந்துக்குப் போனாலும் பட்டுக்கு மேல் ஸ்வெட்டர்தான். கல்யாணப் பெண்ணைத் தவிர மற்றவர்களின் ரவிக்கை என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. ஏரித் தண்ணீர் ஒன்று இருப்பதற்கே ஏற்காட்டில் இந்தக் குளிர் என்றால், நாலா பக்கமும் தண்ணீராக இருக்கிற கடலில் எப்படியிருக்கும்? இந்தக் கணக்கு எங்களுக்கு மிகச் சரியாகப் பட்டது. ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் கம்பளி நூல் விற்கும் பாயும் அதை ஆமோதித்தார்.

“கடல் காத்து ஊசியாட்டக் குத்தும் கண்ணு. ரெட்டை நூலாப் போடச் சொல்லு அம்மாவ,” என்றார். அவரும் சேலத்தைத் தாண்டிப் போனவரில்லை.

கத்தரிப்பூ நிறத்தில் நூல் வாங்கினோம். உடம்பையும் ஒரு கையையும் அம்மா பின்னினாள். பட்டு போன துக்கத்தை ஆற்றுவதற்காக இன்னொரு கையை என்னிடம் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. என் கை அம்மாவின் கையைவிட நாலு விரல்கடை நீளமாக வந்தது. அதனால் என்ன, குளிருக்கு நல்லதுதானே என்று நானே சொல்லிக்கொண்டேன்.

புறப்படுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார் அப்பா. பட்டுக்கு மேல் கத்தரிப்பூ ஸ்வெட்டரோடு பெரியம்மாவை மேஜை முன் உட்கார வைத்தோம். அம்மா பரிமாறினாள். இரண்டு வாய்தான் ஆகியிருக்கும். பெரியம்மா எழுந்து அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிட்டாள். “நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்.” அம்மா பிடித்து உட்கார வைத்தாள். பெரியம்மா மறுபடி எழுந்து அப்பாவுக்கு ரசம் ஊற்றினாள். மூன்றாம் முறை எழுந்தபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“மத்தவங்க திங்கறதப் பாக்காம எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?” என்றாள் பெரியம்மா. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

அவள் எழுந்தபோதெல்லாம் ஸ்வெட்டரின் நீளக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். என்னுடைய கைதான் அவளை உட்காரவிடாமல் தொந்தரவு செய்கிறது என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே பிரித்துத் திரும்பப் பின்ன ஆரம்பித்தேன்.

ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட பெரியம்மா மறுநாள் காலை என்னிடம் பெரியப்பாவுக்கு எழுதிய ஓர் உறையைக் கொடுத்து, பள்ளிக்கூடம் போகும்போது தபால்பெட்டியில் போடச் சொன்னாள். “அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. நொம்ப யோசிச்சுட்டேன். நமக்கு இதெல்லாம் ஆகாது.”

அந்தக் கடிதத்தைப் போட்டிருந்தால் பட்டு எனக்குத் திரும்பியிருக்கும். ஆனால் என் ஸ்வெட்டரும் கொட்டச்சேட்டைத் தாண்டியிருக்காது. நான் பின்னிய கை கடல் மேல் போகப்போகிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பாதி வழி போய்த் திரும்பி ஓடிவந்து, உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா அதைப் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே அடுப்பில் போட்டாள். சாயங்காலம் பெரியம்மா வந்ததும் நேருக்கு நேராகச் சொன்னாள்: “உன் கடுதாசி எரிஞ்சு போச்சுக்கா. இனி நீ போகலைன்னா அந்த மனுசன் பம்பாய்ல பேந்தப் பேந்த முழிச்சுட்டு நிப்பாரு.”

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் முற்றத்துக் கோழியைப் பார்த்தேன்.

அப்பா பம்பாய் வரை கூடப் போய்க் கப்பலேற்றிவிட்டு வந்தார். கடல் எப்படியிருந்தது, குளிர்ந்ததா என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு சாமி,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதமும் கலர் போட்டோவும் வந்தன. போட்டோவில் வெள்ளை விரிப்பு போட்ட மேஜை. அதன் முன்னால் பெரியம்மா, அரக்குப் பட்டில், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் வெள்ளை உடுப்புக்காரன் ஒருவன் குனிந்து அவள் முன்னால் தட்டை வைக்கிறான். அவள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்வெட்டரைக் காணோம்.

கடிதத்தை அப்பா வாசித்தார். கடலில் ஒரே புழுக்கமாம், ஸ்வெட்டரை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாளாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ராவும் பகலுமாகப் பிரித்துப் பின்னியது தலையணைக்கா?

ஆனால் எனக்கு முன்னால் அம்மா அழுதுவிட்டாள். போட்டோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பாருங்க, உக்காந்திருக்கா,” என்றாள் அப்பாவிடம். “எங்கக்கா உக்காந்திருக்கா.” அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. சாப்பிடப் போனவள் உட்காராமல் வேறென்ன செய்வாள்? ஸ்வெட்டரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று, அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.