ஒரே ஒரு 'ஆமா'

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது நடந்தது. பட்டப்பகலில், ஆஸ்பத்திரி அறையில், எனக்கு நடந்தது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கக் கத்திப் பிழைத்த வாய். பக்கவாதம் வந்து வலது கையோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல், 'ஆமா'. மனசுக்குள் 'வேண்டாம்' என்று நினைத்தாலும் வெளியே அதுதான் வரும்.

"கல்யாணமான நாள்லேர்ந்து எதுக்கெடுத்தாலும் முடியாதுன்னு சொன்ன மனுஷன். இப்ப பாரு, எல்லாத்துக்கும் ஆமாவாம்!" என்று என் மனைவி கேலி செய்வாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவாள். எனக்குக் கேட்கும்.

பேச்சுப் பயிற்சிக்கு முதல் நாள். மனைவி என் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்து உள்ளே விட்டாள்.

"சமத்தா பேசிட்டு வாங்க. நான் வாசல்லயே இருக்கேன்."

கதவு மூடியது. வெளியே கிடந்த நாற்காலியில் அவள் உட்காரும் சத்தம் கேட்டது.

பயிற்சி தரும் பெண் படம் போட்ட அட்டைகளை எடுத்தாள். முதலில் சீப்பு. நான் வாயைத் திறக்குமுன் யாரோ "சீப்பு" என்றார்கள். மெல்லிய குரல். அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த படம்.

"சாவி."

அவள் உதடு அசையவே இல்லை.

குரல் என் வலப்பக்கமிருந்து வந்தது. அந்தப் பக்கம் எனக்குக் கழுத்து திரும்பாது...

"வேற அட்டை எடுத்துட்டு வந்துடறேன்," என்று அவள் எழுந்தாள். ஐயோ, போகாதேம்மா என்று அலறினேன். வாயில் வந்தது, "ஆமா". சிரித்துக்கொண்டே உள் கதவு வழியாகப் போய்விட்டாள்.

டக்.

"நான் பேசறது கேக்குதா?"

"ஆமா."

காதோரம் சில்லென்று மூச்சு...

"வெளிய உக்காந்திருக்கறது உன் பொண்டாட்டியா?"

"ஆமா."

"அவளுக்குப் பதிலா நான் வரட்டுமா?"

இல்லை... இல்லை... இல்லை!

பல்லைக் கடித்தேன். இடது கையால் வாயைப் பொத்தினேன்.

"ஆமா."

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

கதவு திறந்தது. மனைவி வந்தாள். அதே சேலை. அதே முகம். "போலாம்," என்றாள்.

வழியெல்லாம் ஒரு கேலி இல்லை. வீட்டில் அழுகைச் சத்தமும் இல்லை. அன்றிலிருந்து எப்போதும் என் வலப்பக்கத்தில்தான் நிற்கிறாள். யாரிடம் சொல்வேன்? பார்க்க வருபவர்கள், "உங்க வீட்டம்மா நல்லா பாத்துக்கறாங்கல்ல?" என்பார்கள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்வேன்.

பயிற்சி வேறு அறையில் தொடர்ந்தது. மாதக்கணக்கில் போராடி, சொல் சொல்லாகப் பேச்சு திரும்பியது. போன வாரம் அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, பயிற்சி தரும் பெண்ணிடம் திக்கித் திணறிக் கேட்டேன்.

"ரூம்... ஏன் மாத்துனீங்க?"

அவள் தயங்கினாள்.

"பழைய ரூம் வாசல்ல ஒரு நாற்காலி இருந்துச்சுல்ல சார்? அதுல யார் உக்காந்தாலும் அலறிட்டு எந்திரிச்சுடறாங்க. பக்கத்துல ஒரு பொம்பளை குரல் கேக்குதாம்."

"என்ன... சொல்லுது?"

"'எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் முடியலையா?'ன்னு கேக்குதாம் சார். நீங்க முதல்ல வந்த அன்னிலேர்ந்துதான்."