இஸ்திரி போட்ட பேக்ஸ்

"கீ...ய்" என்று ஒரு கூச்சல், பிறகு சளி கட்டிய தொண்டைபோல ஒரு கரகரப்பு, அதன்பின் வெதுவெதுப்பாகச் சுருண்டு வெளியே வரும் காகிதம்: எனக்கு ஒன்பது வயதில் எங்கள் "ஊட்டில்" சாயங்காலம் எனக்கிருந்த ஒரே துணை அந்த பேக்ஸ் மெஷின்தான்.

கீழே அப்பாவின் பனியன் கம்பெனி, மேலே வீடு. வெளிநாட்டு ஆர்டரெல்லாம் இனி பேக்ஸில்தான் வரும் என்று அப்பா, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் சங்கிலியை விற்று அதை வாங்கி வந்தார். "நாளைக்கு வர்றதுல பணத்தப் போடோணுமுங்க, இருக்கறதையே கட்டிக்கிட்டு அழுவக் கூடாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை வேறு. அம்மா சண்டைகூடப் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு குண்டடத்தில் தன் அம்மா வீட்டுக்கு, எனக்கு அம்மாயி வீடு, போய்விட்டாள். பள்ளிக்கூடம் இருக்கிறதென்று என்னை விட்டுவிட்டுப் போனாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே போன் லைன், அதிலும் பேக்ஸை மாட்டியிருந்தார். மணி அடித்தால் மெஷினே எடுத்துக்கொள்ளும். "தொட்டுப்போடாதே கண்ணு, ஆர்டர் போயிரும்" என்பது அப்பாவின் கட்டளை. தினமும் ஐந்தரைக்கு மணி அடிக்கும், மெஷின் கத்தும், எதிர்முனையில் வைத்துவிடுவார்கள், காகிதம் வராது. அது அம்மாதான் என்று எனக்குத் தெரியும். எடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சரியான பயந்தாங்கொள்ளி! மூன்று வாரம் அப்படியே போனது.

ஒருநாள் ஐந்தரைக்குக் காகிதம் வந்தது. குண்டடத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் பேக்ஸ் அனுப்பச் சொல்லிக் கொடுத்திருப்பார்போல. அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் ஐந்தாறு வரி. "கண்ணு, சாப்பிட்டயா?" என்ற முதல் வரியை மட்டும்தான் படித்திருப்பேன், அதற்குள் வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. கசக்கிப் பாவாடையில் செருகிக்கொண்டேன்.

பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தி உண்டு, எது கசங்கினாலும் "அயர்ன்" போட்டால் சரியாகிவிடும் என்று. நோட்டு அட்டை முதல் ரூபாய்த் தாள்வரை எங்களுக்கு எல்லாமே கம்பெனியின் இஸ்திரி மேசைக்குத்தான் போகும். ஆட்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கி, காகிதத்தை விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஒரே இழுப்பாக இழுத்தேன். ஐயோ, காகிதம் முழுக்கக் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது! சூடு பட்டுத்தான் அந்தக் காகிதத்தில் எழுத்தே விழுகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

என் அழுகை கேட்டு ஓடி வந்த அப்பா, காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாவா கண்ணு? என்ன எழுதியிருந்தா?"

"தெரியலீங்கப்பா."

அவர் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு குண்டடம் போனார். மறுநாள் அம்மா வந்துவிட்டாள். அதில் என்ன எழுதினாய் என்று எத்தனை தடவை கேட்டும், "அதான் நானே வந்துட்டனல்ல, போ கண்ணு" என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

அப்பா மட்டும் திருந்தவில்லை. ஈமெயில் வந்ததும் பேக்ஸைத் துணி போட்டு மூடினார். பேஜர் ஏஜென்சி எடுத்தார், அதைச் செல்போன் தின்றது. இப்போதும், "ஏங்கண்ணு, இந்த ஏ.ஐ.ல கொஞ்சம் போட்டு வெக்கலாமா?" என்கிறார். நான் வேண்டாமென்றால் கேட்கவா போகிறார்!

அம்மா தவறி மூன்று வருடமாகிறது. அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜெல்லாம், கத்தரிக்காய் விலையும் மூட்டு வலியுமாக, என் போனில் பத்திரமாக இருக்கின்றன. தனியே விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கு அவள் எழுதிய அந்த ஐந்தாறு வரி மட்டும் எந்த மெஷினிலும் இல்லை. கறுப்புக் காகிதம் என் பீரோவில் இருக்கிறது. ஐந்தரை மணிக்குச் சில நாள் எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: சாப்பிட்டேனுங்கம்மா.