ஜெனரல் இருக்கிறார், பிள்ளை எங்கே?

கனடாவின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், கல்யாணப் படத்துக்கும் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக்கார ஜெனரல் தொங்குகிறார். முருகன் கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இவர் உங்கட சம்பந்தியோ?" என்று மெல்லக் கேட்டார்.

அவருக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் மகள் கனடிய ராணுவத்தில் படப்பிடிப்பாளர். அங்கே அவள் எடுத்த முதல் படம் என்று மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். போன மாதம் வரை ஆறு மாதம் மகள் லத்வியாவில் பணியில் இருந்தாள். தளபதிகள் ஹெலிகொப்டரில் வந்து இறங்குவது, சிப்பாய்கள் சேற்றில் புரள்வது, கூடாரத்துக்குள் தலைமயிர் வெட்டுவது எல்லாம் அவள் கமராவில்தான். ராணுவம் இணையத்தில் போடும் அந்தப் படங்களை என் மனைவி விரலால் பெருப்பித்து, மூலை மூலையாகத் தேடுவாள்.

"இத்தனை பேர் நிக்கினம், உன்னைக் காணேல்லையே," என்று போனில் குறைப்படுவாள்.

"அம்மா, எடுக்கிறது நான். நான் எப்பிடி அதுக்குள்ள நிக்கிறது?"

"ஒருக்கா வேற ஆரிட்டயும் குடுத்து எடுப்பிக்கலாம்தானே. மெலிஞ்சிட்டியோ எண்டு பாக்கத்தான் கேக்கிறன்."

என் கவலை வேறு. அவள் சேர்ந்த நாளிலிருந்து சீருடையில் அவளை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் என் இளவயதில் ராணுவம் வீடு வீடாக வந்து, குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்து, இலக்கம் எழுதிய பலகையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தது. அடுத்த முறை ஆள் குறைந்தால் கேள்வி வரும். அன்றோடு ராணுவக் கமராவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டேன்.

போன மாதம் மகள் விடுமுறையில் வந்தாள், சீருடையோடேயே. வந்ததும் வராததுமாக, "அப்பா, அம்மாவோட நில்லுங்கோ, ஒரு படம்" என்றாள்.

"பேந்து பாப்பம், பிள்ளை," என்று தள்ளிப்போடப் பார்த்தேன்.

"எப்பவும் பேந்துதான்," என்று மனைவி முறைத்தாள். வேறு வழியில்லாமல் அந்தப் பலகைக் கதையை முதன்முறையாக மகளிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது.

அவள் கமராவை முக்காலியில் பூட்டி, எதையோ அழுத்திவிட்டு, சப்பாத்தில்லாமல் மேஸ் மட்டும் போட்ட காலோடு வழுக்கி வழுக்கி ஓடிவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

"பத்து செக்கன் இருக்கு. அப்பா, ஓடுறதெண்டால் இப்பவே ஓடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் மனைவி கமராவைப் பார்க்கவேயில்லை. மகளின் கன்னத்தைத்தான் பார்க்கிறாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். என் கை அந்தச் சீருடையின் கையை இறுகப் பிடித்திருக்கிறது.