திங்கட்கிழமை எட்டே முக்கால்

மருத்துவமனையில் அவளுக்கு வைத்த பெயர் ரீஸ்டார்ட் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எந்த வார்டிலிருந்து எந்த நர்ஸ் கூப்பிட்டு, திரை உறைந்துவிட்டது, பிரிண்டர் அடம்பிடிக்கிறது என்று சொன்னாலும், "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா" என்பதுதான் அவள் வாயில் முதலில் வரும். பத்துக்கு எட்டு முறை அதுவே போதும். மீதி இரண்டுக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி அவளே வந்து நிற்பாள். பெயரில் கேலியும் இருந்தது, பாசமும் இருந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் நோயாளிகளின் விவரங்களைத் தட்டச்சு செய்ய வந்தவள், மெல்ல மெல்லக் கணினிப் பிரிவுக்குள் நகர்ந்துவிட்டாள். படித்துவிட்டு வந்தவள் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றவள். கணவர் சரக்கு லாரி ஓட்டினார். முதுகில் அடிபட்டு ஆறு வருடமாக வீட்டோடு இருக்கிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மூன்று வயிறும் இவள் ஒருத்தியின் வேலையில் நிறைந்தன. இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்று ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமும் இல்லை.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. கணினி அறையின் மூலையில், பழைய பீரோவுக்குப் பக்கத்தில், ஒரு சாம்பல் நிற சர்வர். ரத்தப் பரிசோதனை முடிவுகளை லேபிலிருந்து வார்டுத் திரைகளுக்குக் கொண்டுபோவது அதிலிருக்கும் ஒரு சின்ன மென்பொருள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்பது மணியை ஒட்டி அது திணறி நின்றுவிடும். எட்டே முக்காலுக்கே அதை மூடித் திறந்துவிட்டால் அந்த வாரம் முழுக்கச் சமர்த்தாக ஓடும். பதினோரு வருடமாக ஒரு திங்கள் தவறாமல் அவள் அதை மூடித் திறந்துகொண்டிருந்தாள். ஏன் திங்கட்கிழமை, ஏன் ஒன்பது மணி என்று அவளுக்குத் தெரியாது. என்ன நோய் என்று தெரியாமலே மருந்து மட்டும் வேளை தவறாமல் கொடுத்துவந்தாள்.

முதல் தடவை கண்டுபிடித்தபோது அப்போதைய பிரிவுத் தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "மூடித் திறந்தா ஓடுதுல்ல? அப்புறம் ஏன் நோண்டுற?" என்றார் அந்த மகானுபாவர். அவர் ஓய்வுபெற்றுப் போனார். புதிய மேலாளர் வந்தார். வந்த மாதமே, "வாரா வாரம் கையால செய்யுற வேலைய எல்லாரும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். பிரிவில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம் அது. அவள் எல்லாவற்றையும் எழுதினாள். எட்டே முக்கால் விஷயத்தை மட்டும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. தன்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று தன் கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதவில்லை. இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பதினோரு வருடத்தில் திங்கட்கிழமை அவளுக்கு விடுப்பு என்பதே கிடையாது. காய்ச்சலோடும் வந்தாள். சிறுநீரகக் கல் எடுக்க மருத்துவர் திங்கள் என்று நாள் குறித்தபோது, வலியில் துடித்துக்கொண்டே செவ்வாய்க்கு மாற்றச் சொன்னாள். "உங்களுக்கும் திங்கக்கிழமைக்கும் என்னக்கா அப்படி ஒரு காதல்?" என்று கிண்டலடித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்த மென்பொருளைவிடப் பயங்கரமானது ஒன்றுமில்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும். அது நின்றால் திரை இருண்டுபோகாது. கடைசியாக வந்த முடிவையே புதிய முடிவுபோலக் காட்டிக்கொண்டிருக்கும். காலையில் எடுத்த ரத்தத்தின் கணக்கை மதியத்துக் கணக்கென்று நம்பி யாராவது ஊசி போடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை மேலாளர் எல்லோரையும் கூட்டினார். ஐ.டி. சேவை மேலாண்மைப் பயிற்சி, ஐந்து நாள், நகரத்தின் மறுகோடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் என்றார். புதன்கிழமை தொடங்குவதாகத்தான் முதலில் பேச்சு. திங்கள் காலை எட்டரைக்கு என்று மாறியிருந்தது. அலுவலகத்தில் ஒரே ஒருவர் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொள்ள, மற்ற ஏழு பேரும் போகவேண்டும்.

"இவ்ளோ செலவு பண்ணி நம்மள ஏன் படிக்க வைக்கிறாங்கன்னு கேப்பீங்க," என்றார் மேலாளர். "போன வருஷம் நம்ம வயர்க்காரர் மஞ்சக்காமாலைல மூணு வாரம் படுத்தாரே, ஞாபகம் இருக்கா? நெட்வொர்க் பாஸ்வேர்டு அவர் தலைக்குள்ளதான் இருந்துச்சு. அவர் படுக்கைகிட்ட நோட்டும் கையுமா நின்னேன். பத்து எழுத்து சொன்னாரு, அதுல மூணு தப்பு. அன்னைக்கு வந்த பயம் எனக்கு இன்னும் போகல. அதான் மேலிடத்துல சண்ட போட்டு இத வாங்கினேன்."

வயர்க்காரர் என்ற நெட்வொர்க் பொறியாளர் தலையைச் சொறிந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்ததும் பேச்சு வேறாக இருந்தது. நம் தலையில் இருப்பதை எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் நம்மையே வெளியே தள்ளப் போகிறார்கள் என்றான் ஒருவன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அன்றைக்கே போய்ச் சாம்பல் நிற சர்வரை மூடித் திறந்தாள். சனிக்கிழமை செய்தால் திங்களைத் தாங்காதா என்று ஒரு நப்பாசை. தாங்கலாம், தாங்காமலும் போகலாம். காரணம் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு.

ஞாயிறு முழுவதும் முகம் சரியில்லை. "என்னடி, பரீட்சைக்குப் போற புள்ள மாதிரி உக்காந்திருக்க?" என்றார் கணவர்.

"பாடம் புரியலன்னா அசிங்கமாப் போயிடுமேன்னு இருக்குங்க," என்று புளுகினாள்.

திங்கள் எட்டரைக்குப் பயிற்சி அறை. நீள மேசை, வெள்ளைப் பலகை, உடம்பை நடுக்கும் ஏசி. பயிற்சியாளர் கண்ணாடி போட்ட, சத்தமில்லாமல் பேசும் ஒரு பெண்மணி. வாசலிலேயே ஒரு அட்டைப்பெட்டியை நீட்டி எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். டீ இடைவேளையில் தருவாராம். சுவர்க் கடிகாரத்தில் எட்டே முக்கால் ஆனபோது அவளுடைய விரல்கள் மேசைக்கு அடியில் தாமாகவே அசைந்தன. ஒன்பது ஆனது. ஒன்பதே கால் ஆனது. பலகையில் வட்டமும் அம்புக்குறியும் வந்துகொண்டிருந்தன. அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் மாடி வார்டில் யாருக்கு என்ன ஊசி போகிறதோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தரைக்குப் போன் கிடைத்ததும் கழிப்பறைக்கு ஓடினாள். அலுவலகத்தில் தனியாக இருந்தவரைக் கூப்பிட்டாள். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. ஏழு பேருக்கு வரவேண்டிய அழைப்பும் ஒரே ஆளின் தலையில் விழுந்தால் வேறென்ன நடக்கும்? ஆறு முறை அடித்தாள். கதவைத் தட்டி, "அக்கா, கிளாஸ் ஆரம்பிச்சாச்சு" என்றார்கள். நேரே வார்டைக் கூப்பிட்டிருக்கலாம். விரல் அந்த எண்ணில்கூடப் போய் நின்றது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால் என்ன சொல்வது? போனை அணைத்துப் பெட்டியில் போட்டாள். அந்த ஒரு விநாடிக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை, நாமும் மன்னிக்கவேண்டியதில்லை.

இடைவேளைக்குப் பின் பயிற்சியாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "நாளையிலிருந்து நீங்க ஒரு மாசம் வரலைன்னு வெச்சுக்குங்க. எது நின்னு போகும்? அத மட்டும் எழுதுங்க. பேரு போடவேண்டாம்."

அவள் 'ஒன்றுமில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். எல்லோருமே ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் தாள்களை வாங்கிப் புரட்டினார். ஏழிலும் 'ஒன்றுமில்லை'. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ நீங்க ஏழு பேருமே அங்க தேவையில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு மேலாளர் உள்ளே வந்தார், பயிற்சி எப்படிப் போகிறது என்று பார்க்க. மணி பதினொன்று நாற்பது. அவரைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். லேப் ரிசல்ட் வார்டுக்குப் போகாது சார். பழசுதான் தெரியும். உடனே போன் பண்ணணும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பதினோரு வருஷமா எனக்குத் தெரியும்."

 அவர் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர். லேபைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். "எல்லாம் ஓடுது சார், ஒரு பிரச்சனையும் இல்ல" என்றது லேப். அவள் போனைப் பிடுங்காத குறையாக, "ஓடுறதுதான் பிரச்சனை. மூணாவது மாடியக் கூப்பிடுங்க" என்றாள்.

மூன்றாம் மாடி நர்ஸ் எடுத்தாள்.

"தங்கச்சி, ரீஸ்டார்ட் அக்கா பேசுறேன். திரையில ரிசல்ட்டுக்குக் கீழ பொடி எழுத்துல நேரம் இருக்கும். என்ன நேரம்னு பாத்துச் சொல்லு."

"ஒம்பது பன்னெண்டுக்கா."

"அதுக்கப்புறம் யாருக்காவது ரத்தம் எடுத்தீங்களா?"

"ஏழாம் பெட் அம்மாவுக்கு. காலையில பொட்டாசியம் கம்மின்னு டிரிப் போட்டோம். பத்து மணிக்குத் திரும்ப எடுத்தோம், இன்னும் கம்மியாத்தான் காட்டுது. இப்பதான் ரெண்டாவது டிரிப் மாட்டினேன், ஓடிட்டிருக்கு."

"நிறுத்து," என்றாள் அவள்.  பிறகு கத்தினாள். "நிறுத்துடி! அது பழைய ரிசல்ட்டு!"

ரிசீவர் மேசையில் விழும் ஓசை கேட்டது. பிறகு ஓடும் செருப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.  ஏழாம் பெட் அம்மா யார், எந்த ஊர், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த முகம் தெரியாத பெண்ணின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் கொன்றுவிட்டோமோ என்று நினைத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நிமிடம். அதற்குள் மேலாளர் பயிற்சியாளரின் போனில் மற்ற வார்டுகளையும் எச்சரித்தார். நர்ஸ் திரும்ப வந்தபோது மூச்சு வாங்கினாள். "நிறுத்திட்டேன்க்கா. லேபுக்கு ஆள் அனுப்பி, பத்து மணி ரிசல்ட்ட பேப்பர்ல வாங்கினோம். பொட்டாசியம் ஏற்கெனவே மேலதான் இருக்கு. இது முழுசா ஏறியிருந்தா ஹார்ட் நின்னிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அம்மா பேசுறாங்க, நல்லா இருக்காங்க. இனிமே எல்லா ரிசல்ட்டும் பேப்பர்லதான் வாங்கப்போறோம்."

அவள் அப்படியே உட்கார்ந்தாள். மேலாளர் கேட்க, எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுமென்றே எழுதாமல் விட்டதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது, எதிர் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தாடிக்காரர், சர்வர்களின் சேமிப்பிடத்தைப் பார்த்துக்கொள்பவர். பதினோரு வருடமாக அவளுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கும் மனிதர்.

"சார்... டிஸ்க் நிரம்பாம இருக்க, திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்குப் பழைய ஃபைல் எல்லாத்தையும் நான் கையால அழிப்பேன். அது அந்தச் சாம்பல் கலர் சர்வர்தான். இன்னைக்குக்கூட வர்ற வழியிலேயே லேப்டாப்ல பண்ணிட்டுத்தான் வந்தேன். அதனாலதான் அக்காவோடது நிக்குதுபோல. எனக்குத் தெரியாது சார், சத்தியமா தெரியாது."

அவளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு வயர்க்காரர் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு இன்னொருவர். தீவிர சிகிச்சைப் பிரிவின் கணினிக் கடிகாரத்தைத் தினமும் கையால் திருத்தி வைப்பவர். மருந்துப் பட்டியலை மாதாமாதம் தன் சொந்த லேப்டாப்பில் சரிபார்த்து ஏற்றுபவர். ஒன்றுமில்லை என்று எழுதிய ஏழு பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். பயிற்சியாளர் பலகையில் எழுத எழுத இடம் போதவில்லை.

அவள் மேலாளரிடம் போய் நின்றாள். "சார், என் வேலை..."

"என்னக்கா கேக்குறீங்க? உங்கள அனுப்பிட்டா அடுத்த திங்கக்கிழமைக்கு நான் என்ன பண்றது?"

பதினோரு வருடமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். அதைக் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை.

மேலாளர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை, அந்த ஏசியிலும், முதுகோடு ஒட்டியிருந்தது. "இங்க எதுல வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆபீஸ் வேன்ல சார்."

"ஏழு பேரும் ஒரே வேன்லயா?"

"ஆமா சார்."

அவர் பலகையிலிருந்து திரும்பி ஏழு பேரையும் பார்த்தார். "சாயங்காலம் ரெண்டு வண்டியா பிரிஞ்சு போங்க," என்றார்.