ஒட்டுமீசை வைத்த போல்ட்

அத்தைக்கு வலது கையில் ஒரு நகம் மட்டும் நீளம். மற்ற ஒன்பதையும் ஒட்ட வெட்டிவிடுவாள். அந்தக் கட்டைவிரல் நகத்தை மட்டும் ஓர் அரிசிமணி அளவுக்கு வளரவிட்டு, ஓரத்தைச் சுவரில் தேய்த்துச் சீராக வைத்திருப்பாள். போன வாரம் போனில் பேசும்போது அது உடைந்துவிட்டதாகச் சொன்னாள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாம்.

"வீங்கியிருக்கா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? ஊசி போட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். இவ்வளவு தூரத்திலிருந்து கேட்பதைத் தவிர என்னால் வேறென்ன செய்ய முடியும்?

"நகம்தான் உடைஞ்சுது. கை அங்கேயேதான் இருக்கு" என்றாள்.

போனை வைத்த பிறகும் அந்த நகத்தின் ஞாபகமாகவே இருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு.

அத்தை இருபத்தெட்டு வருஷம் ஒரு லாரி எஞ்சின் பட்டறையில் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொண்டவள். பத்தடிக்கு எட்டடி அறை. தரையிலிருந்து கூரைவரை தகர டப்பாக்கள், எல்லாவற்றிலும் போல்ட்டும் நட்டும். ஈரமான அட்டைப்பெட்டியும் டீசலும் துணி சோப்பும் கலந்த வாசனை. வேலை நடக்கும் பக்கமாக ஒரு சின்ன ஜன்னல். அதன் மரப்பலகையில் முழங்கைகள் பட்டுப் பட்டு நடுவில் குழிவிழுந்திருக்கும். ஃபிட்டர்கள் அங்கே வந்துதான் சாமான் கேட்க வேண்டும். மாமாவும் அங்கே ஃபிட்டர்தான். ஸ்டோர் ஜன்னலிலிருந்து இருபது எட்டு வைத்தால் அவர் எஞ்சின் கட்டும் மேடை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் அவர் வாங்கிப்போன வாஷர்களை வைத்து மூன்று எஞ்சின் கட்டியிருக்கலாம் என்று அத்தையே சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. சீட்டு எழுதத்தான் சேர்த்தார்கள். சேர்ந்த இரண்டாம் மாதம் பெருமழையில் தண்ணீர் உள்ளே புகுந்து அட்டைப்பெட்டிகள் எல்லாம் கூழாகிவிட்டன. எந்த போல்ட் எந்தக் கம்பெனி என்று சொல்லும் லேபிள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தரையில் நாலாயிரம் போல்ட் குவியலாகக் கிடந்தது. அத்தை ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைப் பார்க்க ஆரம்பித்தாள். பதினோரு நாள் பார்த்தாளாம்.

போல்ட்டின் தலையில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று நம்பர், இன்னொன்று செய்தவனின் குறி. "நம்பரு அது எவ்வளவு தாங்கும்னு சொல்லும். குறி, அதைச் சொன்னது யாருன்னு சொல்லும். சொன்னது யாருன்னு தெரியாம எப்படி நம்புறது?" என்பாள். கம்பெனிப் பெயர்கள் அவள் வாயில் நுழையாது. அவளே பெயர் வைத்துக்கொண்டாள். மூன்று கோடு விரிந்திருந்தால் கோழிக்கால். வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் முழியன். நம்பருக்கு மேலே இரண்டு வளைகோடு சுருண்டு நின்றால் மீசைக்காரன். "மீசைக்காரன் வார்த்தை தவற மாட்டான்" என்று சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வாள். எஞ்சினுக்குள்ளே அதிக அடி வாங்குகிற கனெக்டிங் ராட் போல்ட்டுக்கு மீசைக்காரனைத் தவிர வேறு யாரையும் அவள் அறைக்குள் விடவில்லை.

ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். போல்ட் தலைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் குறி அப்படியே தாளில் ஏறும். பக்கம் பக்கமாக அப்படிப் பதிந்த தலைகள். பக்கத்தில் அவள் கையெழுத்தில், 'அவசரக்காரன், ஓரம் பிசிறு', 'நல்லவன், ஆனா துரு பிடிப்பான்' என்று குறிப்புகள். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் பேசுவது மாதிரி இருக்கும்.

பட்டறையில் அவளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. லேத்துக்காரர் ஒருநாள் ஜன்னலில் தலையை நுழைத்து, "அக்கா, என் தலையெழுத்தையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றாராம்.

"உங்க தலையில ஒண்ணும் போடல. போட்டா தன் பேரு கெட்டுடும்னு செஞ்சவன் விட்டுட்டான்."

இரண்டு பழக்கங்கள் அவளிடம் இருந்தன. ஒவ்வொரு பெட்டியும் வந்தவுடன் அதிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து, தேதிச் சீட்டோடு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவாள். அதற்கு 'சாட்சி' என்று பெயர். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க. இன்னொரு பழக்கம், யாராவது கணக்குக்கு மேல் ஒரு போல்ட் கேட்டால், "ஏன்?" என்பாள். பதிலை நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் போல்ட் வெளியே வரும். எழுதும்போது உரக்கப் படித்துக்கொண்டே எழுதுவாள். இருபது எட்டு தள்ளியும் அது தெளிவாகக் கேட்கும்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, மாமா கட்டிக்கொடுத்த ஒரு எஞ்சின் இருபத்திரண்டாம் நாள் மேட்டில் ஏறும்போது உடைந்தது. கனெக்டிங் ராட் எஞ்சினின் பக்கவாட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. லாரிக்காரர், சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர், பாரத்தோடு இரண்டு நாள் அந்த மேட்டிலேயே கிடந்திருக்கிறார். பட்டறைக்கு வந்து கைக்குட்டையைப் பிரித்து, அறுந்த போல்ட்டின் தலையை முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

"பிரேக்கு பிடிச்சதால வந்து பேசுறேன். இல்லேன்னா என் பொண்டாட்டி வந்து பேசிட்டிருப்பா."

முதலாளி மாமாவையும் அத்தையையும் கூப்பிட்டார். "போல்ட்டு கெட்டதா, கட்டின கை கெட்டதா? போல்ட்டுன்னா நான் கம்பெனிக்காரன்கிட்ட பேசிக்கிறேன். கைன்னா அந்தக் கைக்கு இனிமே இங்க வேலை இல்ல. நீங்க சொல்லுங்கம்மா. உங்க டின்னைக் கொண்டாங்க."

அத்தை டின்னிலிருந்து அந்தத் தேதி சாட்சியை எடுத்து வந்தாள். இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்தாள். இரண்டிலும் அதே மீசை. அதே நம்பர், பன்னிரண்டு புள்ளி ஒன்பது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை.

அத்தை சாட்சியின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். மீசையில் தட்டி நின்றது. மீசைக்காரனின் குறி எப்போதும் மேலே புடைத்துத்தான் இருக்கும். பிறகு அறுந்த தலைமேல் ஓட்டினாள். நகம் தட்டவில்லை, ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. இது மீசைக்காரன் செய்ததல்ல. எவனோ வெறும் தலையில் அவன் மீசையைச் செதுக்கி வைத்திருக்கிறான்.

அந்த அறையில் அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. 'நம்ம போல்ட்டுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி கம்பெனிமேல் போயிருக்கும். மாமாவின் வேலை தப்பியிருக்கும். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரை அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என் ரூம்ல இருந்து போன போல்ட்டு இல்ல. ஒட்டுமீசை" என்றாள்.

மாமா ஸ்பேனரை மேஜையில் வைத்தார்.

"நான்தான். ஒரு போல்ட்டு அதிகமா முறுக்கிட்டேன். இறுகிக்கிட்டே வந்தது, திடீர்னு கைக்கு வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. போல்ட்டு இழுபட்டு நீண்டு உதவாமப் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. எதிர்க் கடையில வாங்கிப் போட்டேன். தலையில அதே குறி இருந்துது."

"இருபது எட்டுல ஸ்டோர் இருக்கும்போது எதிர்க் கடைக்கு ஏன் போனே?" என்றார் முதலாளி.

அத்தை குறுக்கே புகுந்தாள். குரல் மாறியிருந்தது.

"எதிர்க் கடையில ராட் போல்ட்டு ஜோடியாத்தானே குடுப்பான். இன்னொண்ணு எங்க?"

அப்போதுதான் மாமாவின் முகம் வெளுத்தது. "நீ சாப்பிடப் போயிருந்தே. உன் டப்பாவுல போட்டுட்டேன். நல்ல போல்ட்டுன்னுதான் நெனச்சேன். வீணாப் போக வேண்டாமேன்னு."

அத்தை நோட்டைப் புரட்டினாள். அந்த நாளுக்குப் பிறகு அந்த டப்பாவிலிருந்து ஒரே ஒரு எஞ்சினுக்குப் பன்னிரண்டு போல்ட் போயிருந்தது. அந்த எஞ்சினோடு ஒரு லாரி வாசலில் நின்றது. மறுநாள் காலை பாரம் ஏற்றக் கிளம்ப வேண்டும்.

"அந்த இன்னொண்ணு டப்பாவுல இருந்தா வண்டி போகட்டும். இல்லேன்னா எஞ்சினை இறக்கிப் பிரிக்கணும். கையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் முதலாளி.

ஸ்டோர் தரையில் சாக்கை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார்கள். எண்பத்து மூன்று போல்ட். ஏன் கண்ணால் பார்க்காமல் நகத்தால் பார்த்தாள் என்று நான் ஒருமுறை கேட்டேன். எல்லாவற்றிலும் எண்ணெய் படிந்திருந்ததாம்; கண்ணுக்குப் புடைப்பும் பள்ளமும் ஒரே மினுமினுப்புத்தான். மாமாவும் தடவிப் பார்த்தார். அவர் விரல்கள் தேய்ந்து காய்த்துப்போய், நகங்கள் சதையோடு சதையாக இருந்தன.

"உங்க விரலுக்கு மலையும் ஒண்ணு, மடுவும் ஒண்ணு. எடுத்துக் குடுங்க, போதும்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் தடவி, ஒதுக்கி வைத்தாள். முப்பது போல்ட் இப்படியே போனது.

"ஏன் என்கிட்ட கேக்கல?" என்றாள்.

"கேட்டா நீ ஏன்னு கேப்ப."

"அது என் வேலை."

"தெரியும். அந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு போல்ட்டு நீட்டிட்டேன். ரெண்டையும் நீ பட்டறைக்கே படிச்சுக் காட்டினே. லேத்துக்காரன் ரெண்டு வாரம் அதையே பாட்டாப் பாடினான்." இன்னொரு போல்ட்டை நீட்டினார். "வீட்டுக்கு வந்தாலும் அதேதான். டம்ளர் ஏன் உடைஞ்சுது, செருப்பு ஏன் அறுந்துது. எனக்கு ரெண்டு இடத்துலயும் ஸ்டோர் ரூம்தான்."

அத்தை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வாங்கித் தடவி, வைத்தாள். வாசலில் அந்த இன்னொரு லாரியின் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதையோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டதாம். தன் வண்டியைப் பற்றித்தான் உள்ளே தேடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

எழுபத்தொன்றாவது போல்ட்டில் நகம் தட்டவில்லை. துணியில் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பள்ளம். அதை மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"தடவிப் பாருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"தெரியாது. அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றாள். அடுத்த போல்ட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டே, "இனிமே ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள்.

மீதிப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மறுநாள் காலை அந்த லாரி கிளம்பிப் போனது. மாமா தானாக ஒப்புக்கொண்டதற்காக முதலாளி அவரை அனுப்பவில்லை. மூன்று மாதம் எஞ்சின் பக்கம் வராமல் டீசல் தொட்டியில் பாகங்கள் கழுவச் சொன்னார். மாமா கழுவினார். அது முடிந்ததும் உடைந்த எஞ்சினுக்குப் பதிலாக இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கட்டிக்கொடுத்தார். லாரிக்காரர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அத்தையின் நகத்துக்குக் காட்டிவிட்டுத்தான் மாட்டவிட்டார்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அன்றைய தேதிவரை 'காரணம்' என்ற கட்டம் நிறைய எழுத்து. அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டு ஒட்டியிருக்கும், பக்கத்துக்குப் பக்கம், கடைசிவரை. கேட்டவுடன் போல்ட் கொடுத்தாள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கேட்பதை நிறுத்தியதும் ஒவ்வொருவராகத் தாங்களே சொல்ல ஆரம்பித்தார்கள். நீண்ட போல்ட், மரை தேய்ந்த போல்ட் எல்லாம் ஜன்னல் பலகைக்கு வந்து சேர்ந்தன. மாமாதான் எல்லோரையும்விட உரக்கச் சொல்வாராம். "ஸ்டோர்காரம்மா, ஒரு போல்ட்டு. முறுக்கி நீட்டிட்டேன்."

"ஒண்ணு போதுமா?" என்பாள் அத்தை.

அந்த ஒட்டுமீசை போல்ட் இப்போது அவர்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க. நான் இங்கே ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பெஞ்சின் போல்ட் தலைகளை என்னை அறியாமல் நகத்தால் தடவிப் பார்ப்பேன். புடைப்பாக இருந்தால் ஏனோ மனசு கொஞ்சம் நிலைக்கு வரும்.

நேற்று மறுபடி கூப்பிட்டேன். முதல் மணியில் எடுக்கவில்லை. நான்காவதில் எடுத்தாள்.

"நகம் எப்படி இருக்கு?"

"உன் மூளை மாதிரிதான். மெதுவா வளருது."

"கதவு எப்படித்தான் சாத்திக்கிச்சு? காத்தா? மாமா ஏதாவது...?"

"நான் கேக்கல. மறுநாள் அவரே வந்து, நான்தான் பாக்காம சாத்திட்டேன்னு சொன்னாரு."

பக்கத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "நகம் வளர ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லு. அதுவரைக்கும் எவனும் போல்ட்டு வாங்க வேண்டாம்."