முத்துமாரி டீச்சருக்கு அம்மை போட்ட கதை

முத்துமாரி டீச்சர் சங்கரன்கோவிலில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள். 'வலிமை குறைந்த விசை' என்று பாடத்தில் வந்ததுமே பிள்ளைகள் சிரிக்கும். "பேரைப் பாத்து ஏமாறாதீங்க மக்கா" என்பாள். அணுக்கருவுக்குள் இருக்கிற குவார்க் என்ற நுண்துகளில் ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுகிற வேலையை அது ஒன்றுதான் செய்யும். அதன் கையில் சிக்கிவிட்டால் குவார்க்குகள் தனித்தனி ஆள் இல்லை, ஒன்றில் இன்னொன்று கொஞ்சம் கலந்தே கிடக்கும் என்று போர்டில் படம் போட்டுக் காட்டுவாள். இப்போது அந்த விசை அவள் கழுத்துக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

தைராய்டில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து, மிச்சத்தை அழிக்க மதுரையில் ரேடியோ அயோடின் என்ற கதிர் மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த அயோடின் அணுவுக்குள் ஒரு டவுன் குவார்க் அப் குவார்க்காக மாறும். அப்போது தெறிக்கிற எலெக்ட்ரான் நோயைக் கருக்கும். கூடவே கிளம்புகிற காமா கதிர் மட்டும் உடம்பைத் தாண்டி வெளியே வரும். எந்த அணு எப்போது மாறும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் தனியறையில் இருங்கள், கர்ப்பிணிகளைக் கிட்டே விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதும் அவளுக்கு முதலில் பக்கத்து வீடுதான் ஞாபகம் வந்தது. அங்கே அன்னக்கிளி மாசமாக இருந்தாள். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு.

மாமியார் கோமதியம்மாளுக்கோ வேறு பயம். முத்துமாரியின் மகள் தேன்மொழிக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். "கேன்சர்னு தெரிஞ்சா எவன் வருவான்? அம்மைன்னு சொல்லிருவோம். மாசமா இருக்கவ வாசப்பக்கமே எட்டிப் பாக்க மாட்டா" என்று நிலையில் வேப்பிலையைச் சொருகிவிட்டாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. முத்துமாரியும் தலையாட்டித் தொலைத்தாள்.

மறுநாள் மத்தியானம் கண் விழித்தால், கால்மாட்டில் அன்னக்கிளி! கண்ணை மூடிக் கும்பிட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் கடைக்குப் போயிருந்தாள்.

முத்துமாரி வாரிச் சுருட்டி எழுந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, வெளிய போ! கிட்ட வராத!" என்று அலறினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. கரகரவென்று வேறு யாரோ பேசுவதுபோல வந்தது.

அன்னக்கிளி போவாளா? ஆத்தாவே இறங்கிவிட்டாள் என்று நினைத்து, பாய்ந்து வந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். "எனக்குச் சின்னதுலயே அம்மை போட்டுட்டுது தாயி, எனக்குப் பயமில்ல. உன்னைக் கேட்கத்தான் வந்தேன். இந்தப் பிள்ளையாவது தங்குமா? சொன்னாத்தான் காலை விடுவேன்."

அவள் வயிறு முத்துமாரியின் முழங்காலில் அழுந்தியது. உதறித் தள்ளினால் விழுந்துவிடுவாளோ என்று அதற்கும் பயம். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று படித்த புத்தி சொன்னது. மனசு கேட்டால்தானே! எப்படியாவது இவள் போனால் போதும் என்று அந்தக் கரகரக் குரலிலேயே, "தங்கும். எந்திரிச்சுப் போ. இனி இங்கன வராத" என்றாள்.

அன்னக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே ஓடினாள். ஐயோ, அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கவே வேண்டாம்.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தன் புருஷன் மாரிராஜிடம் சொல்வது கேட்டது. "ஆத்தாளே வாக்கு குடுத்துட்டா. இனி ஸ்கேனும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நான் வர மாட்டேன்."

முத்துமாரி சட்டென்று எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. பையோடு வந்துகொண்டிருந்த கோமதியம்மாள் அவள் முகத்தைப் பார்த்ததுமே, உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று புரிந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அன்னக்கிளி! எனக்கு அம்மை இல்லட்டி, கேன்சர்! அதுக்குக் கதிர் மருந்து குடிச்சிருக்கேன். என் பக்கத்துல இருந்தேன்னு இப்பவே போய் டாக்டர்ட்ட சொல்லு!"

தெரு அப்படியே நின்றது. கோமதியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அன்னக்கிளியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"அப்ப, பிள்ள தங்கும்னு சொன்னது யாரு மதினி?"