மைக்கக்காவின் நெஞ்சுக்குத்து

அந்த ரயில் நிலையத்தில் எல்லாருக்கும் அவள் மைக்கக்கா. வண்டி தாமதம், பிளாட்ஃபாரம் மாற்றம், காணாமல் போன பை, எதுவானாலும் மாடியறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் குரல்தான் வரும். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நாக்குப் பிசகியதில்லை.

முதல் குத்து வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. இடது மார்புக்குக் கீழே, ஒரு விரல் வைக்கிற இடத்தில், கோணியூசி ஏற்றினாற்போல. மூச்சை இழுத்தால் இன்னும் ஆழமாக இறங்கியது. அரை மூச்சாக விட்டபடி சிலையாக நின்றாள். ஒரு நிமிஷத்தில் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது.

பள்ளிக்கூட வாத்தியாரான கணவர் அவளைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார்.

"இதயம் கல்லு மாதிரி இருக்கும்மா."

"அது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியும் டாக்டர்," என்றார் வாத்தியார்.

"இது நெஞ்சுச் சுவர்ல பிடிக்கிற பிடிப்பு. வரும், போகும். ஒண்ணும் பண்ணாது. பல்லைக் கடிச்சிட்டு ஒரே இழுப்பா மூச்சு இழுத்தா சில பேருக்குப் பட்டுனு விட்டுடும். ஆனா வேர்த்துச்சுன்னா, மயக்கம் வந்துச்சுன்னா, உடனே ஓடி வாங்க."

முன்னால் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. கடைசியில் சொன்னதுதான் மனதில் நின்றது. சாப்பிடும்போது அவள் பேச்சு பாதியில் நின்றால் வாத்தியாரின் கையும் தட்டிலேயே நின்றுவிடும். "வந்துடுச்சா?" அவள் தலையாட்டுவாள். வேர்க்கிறதா என்று அவர் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலையிடத்தில் இதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு மத்தியானம் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் அவசரப்படுத்தினார். "ரெண்டுல நிக்காத வண்டி வருதும்மா. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இரண்டாவது பிளாட்ஃபாரத்தில் வரும் வண்டி..."

ஊசி இறங்கியது.

வாய் திறந்திருந்தது, காற்று வரவில்லை. கீழே ஜனங்கள் காதில் விழுந்த பாதியை வைத்துக்கொண்டு, தங்கள் வண்டிதான் வருகிறதென்று பைகளோடு விளிம்புக்கு நகர்ந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டாள். தூரத்தில் ஹாரன் கேட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். உள்ளே ஏதோ கிழிந்தது போலிருந்தது.

"தள்ளி நில்லுங்க! வண்டி நிக்காது! பின்னாடி போங்க, போங்க!"

அந்த மைக்கில் முதல்முறையாக வீட்டுப் பேச்சு அலறியது. கூட்டம் சிதறிப் பின்வாங்கியது. வண்டி காகிதங்களைச் சுழற்றியடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

மாஸ்டர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். நெஞ்சுக்குத்தைப் பற்றி அவள் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க சார்."

"உங்களை ஒண்ணும் பண்ணாது, சரி. கீழ நின்னவங்களை?"



மறுநாள் அறையில் இரண்டாவது நாற்காலி வந்தது. அவள் குரல் பாதியில் நின்றால் தொடர்ந்து வாசிக்க, பார்சல் குமாஸ்தா அவளுடைய அறிவிப்புச் சீட்டின் நகலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சீட்டைப் பார்ப்பதேயில்லை. அவள் வாயைத்தான் பார்ப்பார்.

"மூணு வாரமா குத்து வரலையேக்கா. போயே போச்சு போல," என்றார் ஒருநாள்.

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சை மெல்ல, முழுசாக உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.